மெஷின் காட்டிய தொண்ணூற்றாறு

முதலில் கைதான் நடுங்கியது. குறிஞ்சாக்கேணியில் எங்கள் வீட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி பிடியில் நிற்கவில்லை. கழுத்தெல்லாம் வியர்த்தது.

மகள் பர்ஹானா ஓடிவந்தாள். எனக்கு நீரிழிவு என்ற சீனி வருத்தத்தோடு சிறுநீரகமும் பழுது. மருந்து, ஊசி எல்லாம் அவள் பொறுப்பு. என் கையைக் கழுவித் துடைத்து, விரலில் குத்தி, சீனி பார்க்கும் மெஷினில் ஒரு துளி இரத்தம் வைத்தாள்.

"தொண்ணூற்றாறு காட்டுது உம்மா. நல்ல அளவுதான்."

"இல்ல மகள், எனக்கு ஏலாம இருக்கு. கொஞ்சம் சீனித்தண்ணி தா."

"குடிச்சாக் கூடிரும் உம்மா. களைப்புத்தான், படுங்க."

அவளைக் குறை சொல்லமாட்டேன். அந்த எண்ணைக் கேட்டதும் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். படுத்தேன். பிறகு நடந்தது எதுவும் நினைவில்லை.

கண் விழித்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். நரம்பில் எடுத்த இரத்தத்தில் சீனி நாற்பத்தொன்றுதான் இருந்ததாம்.

"மெஷின் பழுதா டொக்டர்?" மகள் கேட்டாள்.

"பழுதில்லை. உம்மாவுக்கு இரத்தச்சோகை (சிவப்பணுக்கள் குறைந்த நிலை) கடுமையா இருக்கு. அப்படியானவங்களுக்குச் சில மெஷின்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்."

அந்தக் கூடிய அளவுகளைப் பார்த்துத்தான் கிளினிக்கில் இன்சுலினைக் கூட்டியிருந்தார்கள்.

இப்போது குறைத்தார்கள். இரத்தம் ஊற ஊசியும் போட்டார்கள். சிறுநீரகம் இந்த நிலையில் இருக்கும்வரை முழுதாக ஊறாது என்றார்கள். இரத்தச்சோகைக்கு ஈடுகொடுக்கும் மெஷின் ஒன்று தேடிப் பிடித்தோம்; அதில் இரத்தம் வைக்கும் ஸ்ட்ரிப் இங்கே ஒழுங்காகக் கிடைப்பதில்லை. ஆய்வுகூடத்தில் பார்க்கலாமென்றால், முடிவு கைக்கு வருவதற்குள் சீனியின் அளவு மாறிவிடுகிறது.

உங்களுக்கும் இரத்தச்சோகை இருந்தால், உங்கள் மெஷின் உங்கள் இரத்தத்துக்குச் சரிவருமா என்று டொக்டரிடம் கேளுங்கள். ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுக்கும்போதே மெஷினிலும் பார்த்து ஒப்பிடுங்கள்.

"நடுங்கினா உடனே சீனி எடுங்க, மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்க வேணாம்" என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். அந்த நடுக்கத்தையே நம்பியிருந்தேன்.

போன மாதம் கிளினிக்கில் இரத்தம் எடுத்தபோது சீனி மறுபடி மிகக் குறைவு. நானோ பக்கத்துப் பெண்ணோடு கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கவில்லை, வியர்க்கவும் இல்லை. அடிக்கடி சீனி குறைந்தால் உடம்பு எச்சரிப்பதை விட்டுவிடுமாம். குறையாமல் பார்த்துக்கொண்டால் அந்த உணர்வு திரும்பலாம் என்றார் டொக்டர். நான் எதை வைத்துப் பார்த்துக்கொள்வது?

இப்போது என் நாள் ஒரு சாப்பாட்டிலிருந்து அடுத்த சாப்பாட்டுக்கு மட்டும் நகர்கிறது. மகள் மெஷினை எடுக்கும் முன் என் முகத்தைப் பார்க்கிறாள்.

"எப்படி உம்மா இருக்கு?"

"நல்லா இருக்கன் மகள்" என்கிறேன். அது உண்மையா என்று எனக்குத் தெரிவதில்லை.