இவான் ஸமஹோனின் விதவை

தோக்கியா ஸ்த்ராதிச்சுக் தன் ஆயுளில் கல்யாணமே செய்துகொண்டதில்லை. ஆனாலும் நாற்பத்து நான்கு வருடம் விதவையாக இருந்தாள். கடல் தாண்டி வந்து எங்கள் ஜனங்கள் குடியேறிய தெர்னோவே கிராமத்தில் அவளைப் போலச் சந்தோஷமான விதவையை யாரும் பார்த்ததில்லை.

1932 மே மாதம் அவளுக்கு இருபத்தாறு வயது. சாஸ்கட்டூன் பட்டணத்தில் ஒரு இங்கிலீஷ்காரர் வீட்டில் மூன்று வருடம் பாத்திரம் கழுவி, அவர்கள் பாஷையைச் சுத்தமாகப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தாள். அண்ணன் ஹ்னாத்துக்கு அதுவே கிலியாகிவிட்டது. இன்னும் விட்டுவைத்தால் தலைத்துண்டை எறிந்துவிட்டுத் தொப்பி போட ஆரம்பித்துவிடுவாள் என்று அவசர அவசரமாக பான்கோ ரூதிக்குக்குப் பேசி முடித்தான். பான்கோ மனைவியை இழந்தவன். ஆறு குழந்தைகள், நான்கு பற்கள்.

“பல்லு எதுக்குடி? அவன்கிட்ட நாலு ஜோடி குதிரை இருக்கு” என்றான் ஹ்னாத்.

“அப்ப குதிரையையே கட்டிக்கிறேன். அதுங்களுக்குப் பல்லும் இருக்கு” என்றாள் தோக்கியா.

அவள் பேச்சை யார் கேட்டார்கள்? கல்யாணத்துக்கென்று ஹ்னாத் ஒரு பீப்பாய் நிறையக் கோதுமைச் சாராயம் காய்ச்சி வைத்தான். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், போலீஸ் கார்ப்பரல் விட்லோ கள்ளச் சாராயம் தேடிக் கிழக்குக் கோடியிலிருந்து வீடு வீடாகச் சோதனை போட்டுக்கொண்டு வருகிறார் என்று சேதி வந்தது. பிடிபட்டால் ஹ்னாத் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டுத் திம்கோ தன் சவப்பெட்டியை முன்கூட்டியே செய்துவைத்திருந்தார். சாவு வரத் தாமதமானதால் அதில் ஓட்ஸ் கொட்டி வைத்திருந்தார். ஓட்ஸைக் கொட்டிவிட்டுப் பீப்பாயை உள்ளே கிடத்தி, வண்டியில் ஏற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளப்பினார்கள். பெட்டிக்குள் களக் களக் என்று சத்தம். அதை அமுக்க எல்லோரும் உரக்கப் பாட வேண்டியிருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கத்தோலிக்கக் கோயில், அந்தப் பக்கம் ஆர்த்தடாக்ஸ் கோயில். பத்து வருடமாக முகம் பார்த்துப் பேசாத ஜனங்கள் அன்றைக்குத்தான் ஒரே குரலில் பாடினார்கள். ஒரு சாமியாராலும் முடியாததை அந்தப் பீப்பாய் சாதித்தது.

பாதி வழியில் கார்ப்பரல் எதிரே வந்துவிட்டார். காரை நிறுத்தி, இறங்கி, தொப்பியைக் கழற்றினார்.

“யார் இறந்தது?”

ஹ்னாத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. கூட்டத்தில் யாருக்குமே தெரியாது. எல்லாத் தலைகளும் தோக்கியா பக்கம் திரும்பின.

“என் வீட்டுக்காரர் சார்” என்றாள் அவள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாயில் வந்தது அதுதான்.

கார்ப்பரல் நோட்டை எடுத்தார். “பெயர்?”

“இவான் ஸமஹோன்.”

எங்கள் பாஷையில் ஸமஹோன் என்றால் வீட்டில் காய்ச்சிய சாராயம். கோயில் பாடகர் யாகிவுக்குப் புரையேறிவிட்டது. துக்கம் தாளவில்லை என்று நினைத்து கார்ப்பரல் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“என்ன வியாதி?”

“வயித்துல ஏதோ பொங்கிக்கிட்டே இருந்துச்சு சார்.”

நல்ல மனிதர் கார்ப்பரல். கூடவே நடந்துவந்து, குழி மூடும்வரை நின்று, தானும் ஒரு பிடி மண் போட்டார். வேறு வழியில்லாமல் ஊர் அந்தப் பீப்பாயை முறைப்படி அடக்கம் செய்தது. மேலே ஒரு சிலுவையும் நட்டது.

கார்ப்பரல் கண்ணில் விதவையாகிவிட்டவளுக்கு மூன்றாம் நாள் எப்படிக் கல்யாணம் செய்வது? ஒரு வருடம் போகட்டும் என்றார்கள். பான்கோவின் ஆறு பிள்ளைகளும் அத்தனை நாள் தாங்க மாட்டார்கள். அவன் ஒரே மாதத்தில் அடுத்த ஊரிலிருந்து ஒருத்தியைக் கூட்டிவந்துவிட்டான்.

அன்றைக்குத்தான் தோக்கியாவுக்கு மூளையில் பொறி தட்டியது.

நாற்பதாம் நாள் நினைவுச் சடங்குக்கு ஹ்னாத்தும் நாலைந்து பேரும் ரொட்டியோடு மண்வெட்டியும் கொண்டுவந்தார்கள். கறுப்புத் துண்டு கட்டிய தோக்கியா வைக்கோல் வாரும் கவையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு குழிமேல் நின்றாள்.

“தள்ளுடி. தொண்டை காயுது.”

“என் புருஷன் மேல மம்பட்டி பட்டுச்சு, நேரா கார்ப்பரல்கிட்டப் போவேன். நான் இங்கிலீஷ்ல என்ன சொல்றேன்னு உனக்குப் புரியவும் புரியாது.”

“ஏய், உள்ள இருக்கிறது சாராயம்டி.”

“குடிகாரனைக் கட்டினவ ஊர்ல நான் ஒருத்திதானா அண்ணே?”

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஹ்னாத்தின் முகம் சிவந்தது. “என்னதான் வேணும் உனக்கு?”

“ஓடைக்கரைக் குடிசையும் அதைச் சுத்தி இருக்கிற பத்து ஏக்கரும். இனிமே எனக்கு மாப்பிள்ளைன்னு எவன் பேரையும் எடுக்கக் கூடாது.”

ஹ்னாத் வானத்தைப் பார்த்தான், மண்வெட்டியைப் பார்த்தான், கடைசியில் சரி என்றான். சரி என்ற பிறகும் அவள் தோண்ட விடவில்லை. புருஷன் போனால் விதவைப் பட்டமும் போய்விடுமே. அவன் முனகிக்கொண்டே வீட்டுக்குப் போய் வேறு ஊறல் போட்டான்.

தோக்கியா பத்து ஏக்கரில் தேனீப் பெட்டி வைத்தாள். பழைய லாரி ஒன்றை வாங்கித் தானே ஓட்டினாள். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பாங்கு என்று எங்கே இங்கிலீஷ் வேண்டுமோ அங்கே ஊர் அவளைத்தான் கூட்டிப்போனது. கல்யாண வீடுகளில் விடியும்வரை ஆடினாள். யாராவது முகம் சுளித்தால், “அவருக்கு நான் ஆடினாப் பிடிக்கும்” என்பாள்.

ஒரே ஒரு முறைதான் அவள் அந்தச் சிலுவையடியில் அழுதாள். 1948-ல், கடலுக்கு அந்தப் பக்கம் கிராமத்திலேயே தங்கிவிட்ட அம்மா நான்கு வருடம் முன்பே இறந்துபோனாள் என்று கடிதம் வந்தது. எங்கே புதைத்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. அழுவதற்குத் தனக்கென்று ஒரு கல்லறை வேண்டியிருந்தது. இருந்தது அது ஒன்றுதான். பனியில் மண்டியிட்டுப் பொழுது சாயும்வரை அழுதாள். அதைப் பார்த்த யாகிவ், பீப்பாயைப் பற்றிப் பிறகு யாரையும் கேலி பேச விடவில்லை.

1976-ல் ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போடக் கமிட்டி அமைத்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோரைப் புனிதராக்கி எழுதிக் கொடுத்தது. படித்தால், இந்த ஊரில் எவருமே குடித்ததில்லை, எவரும் அடித்துக்கொண்டதில்லை. புதிதாக வந்த இளம் சாமியார் தோக்கியாவிடமும் வந்தார்.

“உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒரு பக்கமாவது வேணும்மா. எப்படிப்பட்டவர்?”

“அமைதியானவர் சாமி. ஒரு நாளும் என்னை எதிர்த்துப் பேசினதில்ல.”

“ஊருக்கு ஏதாவது செஞ்சாரா?”

“ரெண்டு கோயில்காரங்களையும் ஒண்ணாப் பாட வச்சார்.”

சாமியார் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். உண்மை தெரிந்த கிழடுகள் ஐந்தாறு பேர் கமிட்டியில் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. புத்தகம் வந்தது. ஹ்னாத்தின் பக்கத்தில் அச்சுப்பிழை அவன் மீசையை மூக்காக்கியிருந்தது. தோக்கியாவின் பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் தேனீக்களைப் பார்க்கப் போனாள்.