கல்யாணத்தை விழுங்கிய வரி

அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டர் லேபில், புதிதாகப் புரோகிராம் கற்பவர்கள் எழுதுவதில் வரும் பிழைகளைத் தீர்த்துவைப்பதுதான் ஸ்வரூபாவின் பிழைப்பு. அவள் சட்டம் ஒன்றே. எழுதியதை எழுதியவரே வரி வரியாக வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

அன்று வாசிக்க வேண்டிய மல்லேசத்தின் வாயில் ரத்தம்.

மல்லேசம் கல்யாண வீடியோ எடுப்பவர். நாற்பது வயதில், கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடும் ஸ்கிரிப்ட் எழுத அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார். பழைய வீடியோக்களை அழிக்க அவர் எழுதிய முதல் ஸ்கிரிப்ட், பேட்டை ரவுடி நர்சிம்லுவின் தங்கை கல்யாணத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டது. அழுதுகொண்டே ஸ்வரூபாவுக்குப் போன் செய்தார். அவள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது, ஆட்களோடு வந்திருந்த நர்சிம்லு மல்லேசத்தின் தலையை மேசையில் மோதிக்கொண்டிருந்தான். தரையெல்லாம் கேமராச் சில்லுகள்.

"தங்கச்சி துபாய் போயிட்டா. மறுபடி வந்து தாலி கட்டிக்கச் சொல்லவாடா? இந்த டப்பாதானே தின்னுச்சு!"

கம்ப்யூட்டர்மேல் இரும்புக் கம்பியை ஓங்கினான். ஸ்வரூபா குறுக்கே விழுந்தாள். கம்பி அவள் தோளில் இறங்கியது.

"பொட்டிய ஒடைச்சா கல்யாணம் நிஜமாவே போயிடும்ணா!" வலியில் குரல் பிசிறியது. "அழிச்சது டிஸ்க்ல இன்னும் கெடக்கு. அதுமேல வேற எதுவும் எழுதாத வரைக்கும்."

அப்படியே பிளக்கைப் பிடுங்கினாள். டிஸ்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் பொருத்தினாள்.

"எதெது போச்சுன்னு தெரியணும். போன்ல ஸ்கிரிப்ட் இருக்குல்ல? வாசிங்க."

"இப்பவா மேடம்?"

"இப்பத்தான்."

மல்லேசம் ரத்தத்தைத் துப்பிவிட்டு வாசித்தார். "கல்யாணம் பழசு... ஃபோல்டர அழி."

"மேற்கோள் குறி எங்க?"

"ஒரே பேருதானே?"

"உங்களுக்கு ஒண்ணு. குறி இல்லாம நடுவுல இடம் விட்டா மெஷினுக்கு ரெண்டு. 'கல்யாணம்'னு ஒரு ஃபோல்டர், 'பழசு'ன்னு ஒண்ணு. ரெண்டையும் அழிச்சிருக்கு."

'கல்யாணம்' ஃபோல்டரில்தான் இந்த வருஷத்து வீடியோக்கள் அத்தனையும் இருந்தன.

மீட்பு வேலை ஊர்ந்தது. நர்சிம்லு மல்லேசத்தின் கையை மேசையில் அழுத்திப் பிடித்து, விரல்கள்மேல் கம்பியை வைத்திருந்தான். "வரலேன்னா ஒவ்வொண்ணா."

வந்தது. திரையில் ஊர்வலம், தாரை தப்பட்டைக்கு நடுவே சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடுகிறவன் நர்சிம்லுவேதான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். "அண்ணே, என்னா ஆட்டம்!" மணப்பெண் வந்ததும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு கம்பியை ஓங்கி இறக்கினான். மல்லேசத்தின் சுண்டுவிரல் நொறுங்கியது.

"அதான் வந்துருச்சேண்ணா!" என்று ஸ்வரூபா கத்தினாள்.

"வந்துச்சு. அழிச்சதுக்கு இது."

அடுத்த வாரம் மல்லேசம் கட்டுப்போட்ட கையோடு லேபுக்கு வந்து, இடது கையால் கீபோர்டைத் தட்டினார். ஸ்வரூபாவுக்குத் தோள் இன்னும் உயரவில்லை.

"வாசிங்க," என்றாள்.

"மேற்கோள் குறி," என்று ஆரம்பித்தார் மல்லேசம், லேபே திரும்பிப் பார்க்கும்படி.