சூளைக்கு அடியில் படுத்த நாள்

நான் போளூரிலிருந்து சந்தவாசலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம், ஐம்பதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில் கொட்டிய மழைத்தண்ணீர் எங்கள் பானைச் சூளைக்குள் புகுந்து, அதன் தளம் நடுவில் உட்கார்ந்துவிட்டது. தளத்துக்குக் கீழே விறகு எரியும், மேலே பானைகள் இருக்கும். நெருப்பு ஏறுவதற்கு அதில் ஓட்டைகள் உண்டு, கண் என்போம். அடுத்தடுத்து இரண்டு தடவை சுட்டபோதும் அடுக்கு சரிந்து, பானையெல்லாம் ஓடானது. "வந்தவ கால் ராசி" என்றாள் மாமியார், என் காதில் விழும்படியாகவே. மழையில் ஊறிய தளம் இறங்கினால் அதற்கு என் கால் என்ன செய்யும்?

"அடுத்த சூளையும் போச்சுன்னா வாணியம்பாடிக்குப் போய்ட்றேன். தோல் பதனிடற ஷாப்புல ஆள் எடுக்கறாங்க" என்றார் வீட்டுக்காரர். என்னை இங்கேயே விட்டுவிட்டுத்தான்.

உட்கார்ந்த தளத்தை மேலே மட்டுமில்லாமல் அடியிலும் பூசிச் சரிசெய்ய வேண்டும். விறகு வைக்கும் வாயில் அவர் தோள் நுழையவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் நுழைந்துவிட்டேன். "பொம்பள சூளைக்குள்ள போறதா, இன்னாடி இது" என்று மாமியார் கத்துவது பின்னால் கேட்டது.

மல்லாந்து படுத்து மேலே பார்த்தவள் அப்படியே கிடந்தேன். கன்னங்கரேலென்று தளம். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் வெயில் கம்பியாக இறங்கி என் வயிற்றிலும் கையிலும் நின்றது. நடுவில் முட்டுக்கு ஒரு கல் இல்லை, கட்டை இல்லை. ஏரியில் கால் பட்டால் கரைகிற மண், இத்தனை வருஷம் நெருப்புக்கு மேல் பானைகளைச் சுமந்திருக்கிறது. கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை, பொய் சொல்லவில்லை.

"செத்துட்டியா?" என்றார் மேலேயிருந்து.

"இன்னும் இல்லீங்க."

தளர்ந்த மண்ணை உதிர்த்தோம். உமியும் ஓட்டுத்தூளும் பிசைந்த மண்ணை அவர் மேலே அப்ப, நான் கீழே உள்ளங்கையால் தாங்கி வழித்தேன். கண் அடையாமலிருக்க மூங்கில் குச்சிகளைச் செருகினோம்.

"ஓரத்துல இன்னும் தண்ணி தெளி. பழச நனைக்காம புதுசு ஒட்டாது."

"அத உங்க அம்மாகிட்ட சொல்லுங்க."

மேலே ஒரே சிரிப்பு. ஒரு மண்ணுருண்டை என் மூக்கில் விழுந்தது. கல்யாணமாகி, பகலில் நாங்கள் அவ்வளவு பேசியது அன்றுதான்.

தளம் காய்ந்ததும் வைக்கோல் கொளுத்திச் சூடு காட்டினார். பிறகு, ஆடித் திருவிழாவுக்குப் படவேடு அம்மன் கோயிலுக்குப் போகிற பொங்கல் பானைகளை அடுக்கி நெருப்பு வைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறியபின் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி எடுத்தார். எல்லாம் கணீரென்றன. ஒன்றுகூட விரியவில்லை. தளம் போட்டது போட்டபடி கிடந்தது. அதைத் தொடவே எனக்குக் கை கூசியது.

கடைசிப் பானையை என்னிடம் கொடுத்து, "மண்ணு தீந்துபோச்சு. நாளைக்கு ஏரிக்கு வண்டி கட்டணும்" என்றார். அவ்வளவுதான். வாணியம்பாடிப் பேச்சே இல்லை.

"கட்டுங்களேன், யாரு வேணாம்னா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பானை கை நழுவி விழுந்து சில்லுசில்லாகிவிட்டது. அவ்வளவு நெருப்பும் உடைக்காததை நான் உடைத்துவிட்டேன். மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். துடைப்பத்தை எடுத்துவந்து அவளே பெருக்கினாள்.