உப்புத் துணி சுற்றிய மெசின்

மகளின் கம்ப்யூட்டர் தையல் மெசினை ஐந்து வருடம் மூட்டை கட்டி வைத்தது நான்தான். அவள் கல்யாணமாகி உடுமலைக்குப் போனபோது, தூசி அடையக்கூடாதென்று, மோட்டாரை ஓட்டும் கண்ட்ரோல் பெட்டியை நாலு சுற்றுத் துணி சுற்றிக் கட்டிலடியில் தள்ளினேன். அப்போது எனக்குச் சாயப்பட்டறையில் வேலை. கழித்துப்போட்ட பனியன் துணிக்கு வீட்டில் பஞ்சமில்லை.

ஐந்து வருடம் கழித்து மகள் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். "மெசின் ஓடுச்சுன்னா ஊட்டுக்கே பீஸ் அனுப்பறனுங்க. இல்லீன்னா கம்பெனிக்கு வந்துருங்க" என்று பனியன் தைக்கக் கொடுக்கும் காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி என்றால் பால்குடி மறக்காத பிள்ளையைப் பகலெல்லாம் பிரிந்திருக்க வேண்டும்.

பிளக்கைச் சொருகப் போனவளை, மெசின் பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டைப் பார்க்க வந்திருந்த ரிப்பேர்காரர் தடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"இரும்மா! அஞ்சு வருசம் தூங்குனவனை மூஞ்சில தண்ணி ஊத்தியா எழுப்புவிய?"

பெட்டியைத் திறந்தால் போர்டெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

"ஈரத்துல கெடந்துச்சோ?"

"இல்லீங்க" என்றாள் மகள்.

"அப்ப எதனாலன்னு புரியலியே. வேற போர்டுதான் பாக்கணும்."

அவள் முகம் செத்துவிட்டது. வெளி ஆட்களிடம் பேசிப் பழக்கமில்லாத நான், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கீழே கிடந்த துணி கண்ணில் பட்டது. பட்டறையில் துணியில் சாயம் பிடிக்க உப்புக் கொட்டுவோம். இது அலசாமல் கழித்த துணி. மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுக்கும். அந்த உப்பில் என் விரல்களே வெடித்திருக்கின்றன. சுற்றும்போது அது தோன்றவில்லை.

"உப்புங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. வெளியே வந்து சொன்னேன்: "அது உப்புத் துணிங்க. நான்தானுங்க சுத்துனேன்."

அவர் துணியை நாக்கில் வைத்துப் பார்த்தார். "அடேயப்பா! கருவாடு போட்டுல்லா வச்சிருக்கிய பெரியம்மா!"

மகள் அழுகையும் சிரிப்புமாக என்னைப் பார்த்தாள்.

"உப்புன்னா கழுவிப் பாத்துரலாம்" என்று ஸ்பிரிட்டும் பிரஷும் எடுத்தார். வெயிலில் காயவைத்தார். இரண்டு கெப்பாசிட்டரை மாற்றினார். "சும்மா கெடந்தாலே இதுக்குள்ள உள்ள மருந்து வத்திரும்மா." பிறகு ஒரு குண்டு பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்தார். "உள்ள ஷார்ட்டு இருந்தா பல்பு எரிஞ்சுக்கிட்டே கெடக்கும். மங்குனா பொழைச்சுக்கிடும்."

பல்பு பளிச்சென்று எரிந்தது. மெல்ல மெல்ல மங்கியது.

பல்பை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்து, "மிதிம்மா" என்றார். ஊசி இறங்கியது.

தானாக நூல் வெட்டுவது மட்டும் கடைசிவரை சரியாகவில்லை. திங்கட்கிழமை முதல் கட்டுப் பீஸ் வந்தது. அவள் தைத்தாள், நான் கத்திரியால் நூல் வெட்டினேன். பிள்ளை சிணுங்கியதும் மெசினை நிறுத்திவிட்டு அவனை மடியில் எடுத்துக்கொண்டாள்.