நடக்க வேண்டாம் என்று சொன்னவள் நான்தான்

கரும்பு ஏற்றிவந்த டிராக்டர் மோதி என் கணவரின் முழங்கால் நொறுங்கியது. நஷ்டஈட்டு வழக்கு இழுத்துக்கொண்டே போனது. தீர்ப்புப் பணம் வந்ததும் தருவதாகச் சொல்லி, சங்கராபுரத்தில் ஒருவரிடம் கடன் வாங்கி ஆபரேஷன் செய்தோம்.

அவர் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதை, கடன் கொடுத்தவர் ஒருநாள் பார்த்துவிட்டார். "நடந்தாருன்னா ஊனம் கம்மின்னு டாக்டருங்க சர்டிபிகேட்ல எழுதிடுவாங்க, நஷ்டஈடும் கொறஞ்சிடும். அப்புறம் என் பணம் இன்னா ஆவறது?" என்றார்.

பயந்துபோய்க் கணவரிடம் சொன்னேன். "சர்டிபிகேட் வாங்கற வரைக்கும் உக்காந்துக்கினே இருங்க." சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

சான்றிதழ் கிடைக்க ஏழு மாதமானது. பிறகு தீர்ப்புப் பணம் வந்து கடனையும் அடைத்தோம். "இனிமே நடங்க" என்றேன். முழங்கால் மடங்கவே இல்லை.

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சுவரில் அவர் கைபட்ட அழுக்கு, வாசலுக்குப் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.