ஊதா மூடிக் குழாய்

பரீட்சையில் எனக்கு முழு மார்க் வாங்கித் தந்தது ஒரே ஒரு பாடம். அதிலேயே கோட்டை விட்ட முட்டாள் நான்.

திருவொற்றியூரில் சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் டெக்னீஷியன். ஒரே குத்தில் ரத்தம் எடுப்பவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிபவன். காசிமேட்டில் மீன் விற்கும், யாருக்கும் அடங்காத அக்கா ஒருவர் மயக்கமென்று எதிர்சாரி நர்சிங் ஹோமில் சேர்ந்திருந்தார். ரத்தம் எடுக்கப் போனேன். ஊதா மூடிக் குழாய் நிரம்பியது. சிவப்பு மூடிக் குழாயில் நாலு சொட்டு விழுந்ததும் நரம்பு கைவிட்டது. மறுபடி குத்தினால் என் மானம் என்னாவது? கூடத்துக்கு வந்து, ஊதாவிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிக்கொண்டேன்.

சிவப்புக் குழாயில் ரத்தம் உறைய வேண்டும். உறையவில்லை. அக்காவைப் போலவே அடங்காத ரத்தம் என்று எனக்கு நானே ஜோக் அடித்துக்கொண்டு மெஷினில் ஏற்றினேன்.

பொட்டாசியம் எகிறியிருந்தது, இதயம் நின்றுபோகும் அளவுக்கு. உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். உயிரைக் காப்பாற்றிவிட்ட கம்பீரம் வேறு குரலில். இன்சுலின் ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கிவிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அடுத்து கால்சியம் வந்தது. அநேகமாகப் பூஜ்யம்.

அந்தப் பாடம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் சிலவற்றில் கால்சியம் அயனி வந்து ஒட்டினால்தான் அவற்றின் ஒரு முனை மடங்கி, பற்றிக்கொள்ளும் வடிவத்துக்கு வரும். இல்லையென்றால் அந்த முனை தொளதொளவென்று கிடக்கும், ரத்தம் உறையாது. ஊதாக் குழாயின் உட்சுவரில் பூசிய உப்புக்கு வேலையே கால்சியத்தைக் கவ்விக்கொள்வதுதான். அது பொட்டாசிய உப்பு. மெஷின் அக்காவை அளக்கவில்லை, என் குழாயை அளந்திருக்கிறது.

அக்காவின் பொட்டாசியம் சரியாகவே இருந்தால்? இன்சுலின் அதையும் இழுத்துப் போட்டுவிடும். உயிருக்கே ஆபத்து.

டாக்டர் போனை எடுக்கவில்லை. ஓடினேன். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றையொன்று முட்டாத குறையாக நின்றன. இரண்டு லாரிகளுக்கு நடுவே நுழைந்தபோது என் தொப்பை மாட்டிக்கொண்டது. "இன்னா மாமு, சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?" என்றார் டிரைவர். சாகப்போவது நானில்லை என்று சொல்ல மூச்சில்லை. வயிற்றை எக்கி உருவிக்கொண்டேன்.

மாடிக்குப் போனபோது நர்ஸ் இன்சுலின் கலந்த பாட்டிலைத் தொங்கவிட்டு, டியூபை அக்காவின் கையில் செருகப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏத்தாதீங்க சிஸ்டர். ரிப்போர்ட் தப்பு. குழாய மாத்தி ஊத்திட்டேன்."

நர்ஸின் கை நின்றது. டாக்டர் வந்தார். எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பாட்டிலைக் கழற்றச் சொல்லிவிட்டு, மறுபடி ரத்தம் எடு என்றார்.

கட்டிலில் கிடந்த அக்கா ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தார். மறு கையை நீட்டினார். புது ஊசியைப் பிரித்தேன்.

"அக்கா, என்ன நடந்துச்சுன்னா, இந்த கால்சியம் இருக்கு பாருங்க..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடிகினு குத்து."