பஞ்சுச் செருப்பு

செல்போனில் பாதாளக் குகையில் புதையல் தேடும் விளையாட்டு ஆடும் பஸ் டிரைவருக்கு வாள் என்றால் உயிர். குகை வழியில் கிடைக்கும் பஞ்சுச் செருப்பை, "தண்டம்!" என்று வீசிவிட்டு, புதையலைக் காத்துத் தூங்கும் அரக்கனை எழுப்பி மோதுவார், செத்துப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

அன்று மனைவி போனை வாங்கி ஆடினாள். அதே செருப்பை மாட்டிக்கொண்டு, தூங்கும் அரக்கனைச் சத்தமில்லாமல் தாண்டி, புதையலை அள்ளிவிட்டாள்.

"யாருடி சொல்லிக் கொடுத்தா?"

"இதுக்கு ஆள் வேற வேணுமாக்கும்! நைட் டூட்டி முடிஞ்சு நீங்க தூங்குறப்ப நானும் புள்ளைங்களும் இப்படித்தானே நடக்கிறோம். முழிச்சுட்டா யாரு திட்டு வாங்குறது?" என்று சிரித்தாள்.

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் மாடிப்படியில் கெக்கலி கொட்டிச் சிரிப்பது கேட்டது. வாசலுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.